பிழிகட்டையை நகர்த்திய வாரம்

இதைக் கையில் எடுத்திருப்பது யாராக இருந்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், வேறு யாரிடமும் காட்ட வேண்டாம். அம்மா, நீயாக இருந்தால் இந்த வரியோடு மூடிவிடு. அப்பாவாக இருந்தால், என்ன எழுதுவதென்றே எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

காற்று. ஆடி பிறந்ததிலிருந்து மாடி ஜன்னல் ஓயாமல் அடித்துக்கொள்கிறது. அட்டையை மடித்துச் செருகியாயிற்று. வேதியியல் ரெக்கார்டில் படங்கள் பாக்கி. தொடவில்லை.

மறுபடியும் மஞ்சளில் அரக்கு சொட்டிவிட்டது.

முன்பின் தெரியாதவர் கையில் இது கிடைத்தால் என்பதற்காக: வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சாயக் கொட்டகை அப்பாவுடையது. கடைக்காரர்கள் கொடுக்கிற பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றித் தருகிறோம். பாஷா மாமா சாயம் காய்ச்சுகிறவர். மல்லிகா அக்கா (இனி ம.அக்கா) அலசி, பிழிந்து, காய வைக்கிறவள். வேலைக்கு இவர்கள் இருவர்தான்.

இன்று கல்யாணப் புடவை நூல். உடம்புக்கு மாம்பழ மஞ்சள், கரைக்கு அரக்குச் சிவப்பு. மஞ்சள் சிட்டங்கள், அதாவது நூல் கத்தைகள், நடுக் கொட்டகையில் மூங்கிலில் காய்ந்துகொண்டிருந்தன. ம.அக்கா அலசிய அரக்கைக் கோலில் கோத்துத் தோளில் தூக்கிக்கொண்டு அவற்றுக்கு நடுவே குனிந்து போனாள். காற்று வீசியது. அவ்வளவுதான். குங்குமப் பொட்டு அளவு ஒரு கறை, மஞ்சளின் நடுவில்.

அப்பா கத்தவில்லை. அதுதான் பயம். மெதுவாகச் சொன்னார்.

“இது ரெண்டாவது தரம் மல்லிகா. இன்னொரு தரம் ஆச்சுன்னா வேற எடம் பாத்துக்கோ.”

ம.அக்காவுக்கு வேறு இடம் கிடையாது. கூரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறாள். மற்றக் கொட்டகைகளில் பெண்களைச் சீசனுக்கு மட்டும் எடுப்பார்கள். பஸ்ஸுக்குப் போகும்போது என் ஜன்னலை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை.

எனக்குக் கொட்டகைக்குள் அனுமதி இல்லை. போன வருஷம் கடைக்காரர் எதிரிலேயே, பச்சை இரண்டு தினுசாக இருக்கிறதே என்று சொல்லிவிட்டேன். இருந்தது. ஆனால் அப்பாவுக்கு மானம் போய்விட்டது. இன்னொரு தரம் உள்ளே காலடி பட்டால் ஸ்கூல் பையைப் பரண்மேல் போட்டுவிடுவதாகச் சொன்னார். அவர் சொன்னால் செய்வார்.

ஜன்னல் மட்டும்தான் எனக்கு. ஜன்னலிலிருந்து எல்லாம் தெரிகிறது.

ஜூலை 21, திங்கள்

புழுக்கம். பிறகு காற்று. கணக்கு டெஸ்ட் சுமார். பிரேயரில் மயக்கம் போட்டு விழுந்தது ஒன்பதாம் வகுப்புப் பெண், நான் இல்லை.

கொட்டகையின் படம் போட்டேன். மேலே வடக்கு.

அப்பா ஜோசியரைக் கேட்டுக் கட்டியது. அக்னி மூலையில், அதாவது தென்கிழக்கில், அடுப்பு. ஈசானிய மூலையில், வடகிழக்கில், தண்ணீர்த் தொட்டி. தென்மேற்கில் நூல் அறை. இந்த மூன்றையும் சாமியே வந்தாலும் அசைக்க முடியாது. மிச்சத்தை அப்பாவே வைத்தார். பிழிகட்டை, நூலை மாட்டி முறுக்க மண்ணில் நட்டது, நூல் அறை வாசலில், வேலை முடிந்த நூல் பக்கத்திலேயே உள்ளே போகட்டும் என்று. விறகு வடமேற்கில், அங்கே இடம் சும்மா கிடந்ததால். காய வைக்கும் மூங்கில்கள் நடுவில், எல்லாவற்றுக்கும் பக்கம் என்பதால்.

நூல் போகிற வழிக்கு ஒரு கோடு. விறகு போகிற வழிக்கு ஒரு கோடு. ம.அக்கா நடக்கிற வழிக்குச் சிவப்புப் பேனா. முடித்துப் பார்த்தால் தப்பாகப் போன சிக்குக் கோலம். கோடுகள் எல்லாம் ஒரே இடத்தில் வெட்டிக்கொள்கின்றன. மஞ்சள் தொங்குவது சரியாக அங்கேதான்.

ம.அக்கா கையில் தப்பில்லை. அவளை நடக்க வைத்திருக்கிற வழியில்தான் தப்பு.

சத்தமாகச் சிரித்துவிட்டேன். கீழிருந்து அம்மா என்னவென்று கேட்டாள். கணக்கு வந்துவிட்டது என்றேன். பொய் இல்லை.

அடுத்த தாளில் புதுப் படம்:
விறகு, அடுப்புக்குப் பக்கத்தில், தெற்குச் சுவரோரம்.
பிழிகட்டை, தொட்டிக்குப் பக்கத்தில், வடக்குச் சுவரோரம்.
மூங்கில்கள் வடமேற்கில்.
காய்ந்தது அப்படியே நூல் அறைக்கு.
நடுவில் ஒன்றும் இல்லை.

சுவரை ஒட்டி ஒரே சுற்று. ஒரு கோடும் இன்னொன்றைத் தொடவில்லை. இதைவிட அழகாக நான் எதையும் வரைந்ததில்லை. பள்ளியில் பரிசு வாங்கிய மயில் உள்பட.

ஜூலை 22, செவ்வாய்

காலையில் அப்பா டீக்கடைக்குப் போன நேரம் பார்த்துப் பின்வாசலில் நின்று இருவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். உள்ளே போகவில்லை, படியில்தான் நின்றேன்.

பாஷா மாமா படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ஜோராக இருக்கிறது என்றார். திருப்பிக் கொடுத்தேன். அப்போதும் ஜோர் என்றார். ம.அக்கா மட்டும் விரலை வைத்து ஓட்டிக்கொண்டே போனாள். நூல் அறை, அடுப்பு, தொட்டி, கட்டை, மூங்கில், மறுபடி நூல் அறை. விரல் நின்றது.

“இடமா சுத்துதே பாப்பா.”

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு நானும் விரலை ஓட்டிப் பார்த்தேன். கோவிலை எல்லாரும் வலமாகத்தானே சுற்றுகிறார்கள். என் படம் இடமாகச் சுற்றுகிறது. ஏகாம்பரநாதரைப் பிரதோஷம் தவறாமல் சுற்றுகிறவள் நான். இதைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

பாஷா மாமா தனக்கு வலமும் ஒன்று இடமும் ஒன்று என்றார். ஆனால் அவரும் தலையை ஆட்டினார்.

“மொதலாளி கண்ணுல மொதல்ல இதான் படும். கரித்துணியால தொடைச்சாப்புல தொடைச்சிடுவாரு.”

ம.அக்கா படத்தை மடித்து என் கையில் வைத்து அழுத்தினாள். தனக்காக இவ்வளவு செய்தேனே, அதுவே போதும் என்றாள். அடுப்பும் தொட்டியும் இருக்கிற இடத்தில் வலமாகச் சுற்றினால் கொதிக்கிற நூலைத் தூக்கிக்கொண்டு கொட்டகை முழுக்க வலம் வர வேண்டும். வகுப்பில் இதையே போட்டுப் போட்டுப் பார்த்தேன். ஆங்கில மிஸ் நிற்க வைத்தார். நின்றுகொண்டும் போட்டேன்.

சாயங்காலம் அம்மாவுடன் அம்மன் கோவில். ஆடிச் செவ்வாய், கூட்டம் சொல்ல முடியாது. கம்பு கட்டி வரிசையில் விட்டார்கள். தரிசனம் ஆனதும் வரிசையை இடது பக்கமாகத் திருப்பிப் பக்கவாட்டு வாசல் வழியே வெளியே தள்ளினார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற அம்மாள் கோவில் ஆளிடம் சண்டை.

“இன்னாபா இது, எடமா தள்ளிக்கினு போறீங்க?”

“இது பிரதட்சிணம் இல்லம்மா, க்யூ. சுத்தி வந்தாத்தானே வலம் இடம்? நீ இப்டி வந்து அப்டி போய்க்கினே இரு.”

அந்த ஆளின் காலில் விழலாம் போலிருந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்து, என்னடி அருள் வந்துவிட்டதா என்றாள்.

வந்த இடத்துக்கே திரும்பினால்தான் சுற்று. திரும்பாமல் வெளியே போய்விட்டால் அது வெறும் வரிசை. காய்ந்த நூல் ஏன் நூல் அறைக்குத் திரும்ப வேண்டும்? அங்கிருந்து எடுத்துத்தான் கடை ஆட்டோவில் ஏற்றுகிறார்கள். மேற்குச் சுவரில் சந்துப் பக்கம் ஒரு பழைய கதவு இருக்கிறது. பூட்டி, உடைந்த தறிக்கட்டைகளை அடுக்கி, யாரும் அப்படி ஒன்று இருப்பதையே மறந்துபோன கதவு.

அதன் வழியே வெளியே.

ஜூலை 23, புதன்

ம.அக்காவிடம் மறுபடி காட்டினேன். விரல் மூங்கில் வரை வந்து, மேற்குக் கதவு வழியே தாளை விட்டே வெளியே போய்விட்டது. என்னைப் பார்த்தாள். மறுபடி ஓட்டினாள். கண் நிறைந்துவிட்டது. எனக்கும்.

அப்பா ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னது: நாளை அமாவாசை, கொட்டகை லீவு. தர்ப்பணம் முடித்துக் கடைக்காரருக்காகப் பட்டு வாங்க பெங்களூர் போகிறார், சனி காலை வருவார். கறைபட்டதற்குப் பதில் புது மஞ்சளும் அரக்கும் சனிக்கிழமை கடை ஆட்டோ வருவதற்குள் தயாராக வேண்டும். இரண்டு சாயமும் வெள்ளி ஒரே நாளில். “மல்லிகா கிட்ட சொல்லிட்டேன். இதுல பட்டுச்சுன்னா அப்டியே போயிடச் சொல்லிட்டேன்.”

அம்மா ரசம் ஊற்றினாள். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரே நாளில் இரண்டு சாயம், இந்தக் காற்றில், இப்போதிருக்கிற வழியில் என்றால் கறை நிச்சயம். ஆடியில் அப்பா ஒரு செங்கல்லைக்கூட இடம் மாற்றமாட்டார், கேட்கவே வேண்டாம். நாளை சாயங்காலம் மட்டும்தான் இருக்கிறது.

பயமாக இருக்கிறது. மிகவும்.

ஜூலை 24, வியாழன், ஆடி அமாவாசை

என் காலடி பட்டது.

அப்பா மத்தியானமே கிளம்பிவிட்டார். நான் பள்ளியிலிருந்து ஓடி வந்தேன். நேற்று ராத்திரி ரகசியமாகப் போனில் கூப்பிட்டிருந்தேன். ம.அக்கா லீவு நாளில் கூரத்திலிருந்து வந்து படியில் உட்கார்ந்திருந்தாள். பாஷா மாமா கடப்பாரையோடு. அவருக்கு முதலில் மனசில்லை. பிறகு சொன்னார்:

“மொதலாளி கேட்டா என் தலையில போட்டுடு பாப்பா. அதுல ஏற்கெனவே எல்லாம் கெடக்குது, இதுவும் கெடக்கட்டும்.”

முதலில் விறகு. கைமாற்றிக் கைமாற்றி. ஒரு தேள், பாஷா மாமா செருப்பால் முடித்தார். பிறகு மூங்கில்கள். பிறகு மேற்குக் கதவு. பூட்டுக்குச் சாவி இல்லை, தாழ்ப்பாளையே கழற்றினோம். வெளிச்சம் உள்ளே விழுந்ததும் மூவரும் அதில் போய் நின்றோம். அந்தக் கொட்டகையில் மேற்கு வெயிலை யாரும் பார்த்ததில்லை.

கடைசியில் பிழிகட்டை. மகாபிடிவாதம். குழியில் தண்ணீர் ஊற்றி, ஆட்டி ஆட்டி, பாஷா மாமா உருதுவில் அதன் வம்சத்தையே திட்டினார். திடீரென்று பிடுங்கிக்கொண்டு வந்து மூன்று பேரும் சேற்றில் விழுந்தோம். ம.அக்கா சிரித்தது தெருவுக்கே கேட்டிருக்கும்.

அம்மா பின்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. காலியாகக் கிடந்த நடுவைப் பார்த்தாள், என் பாவாடையைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். முடிந்தது என்று நினைத்தேன். டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

கட்டையை வடக்குச் சுவரோரம் புதுக் குழியில் நட்டுக் கல் போட்டு இடித்து இறுக்கினோம். இருட்டுவதற்குள்.

கை எரிகிறது. பேனாவைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. இனி அழித்துப் போட முடியாது. இது தாளில் இல்லை, தரையில்.

ஜூலை 25, வெள்ளி

விடிவதற்குள் அடுப்பு மூட்டிவிட்டார்கள். ஜன்னலில் நின்றேன். மஞ்சள் போய்க்கொண்டிருந்தது: அடுப்பிலிருந்து தொட்டிக்கு, தொட்டியிலிருந்து திரும்பின கையில் கட்டைக்கு, அங்கிருந்து மூங்கிலுக்கு. ம.அக்கா ஒரே ஒரு தரம் பழக்கத்தில் பழைய கட்டை இருந்த பக்கம் நடந்து, வெறும் இடத்தில் நின்று, தலையில் தட்டிக்கொண்டு திரும்பினாள்.

அரக்கு தொடங்கும்போது ஸ்கூல் ஆட்டோ வந்துவிட்டது. முக்கியமான நேரத்தில் நான் செய்யுள் வகுப்பில் சுதந்திரப் பாட்டு படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வரி ஏறவில்லை. நகம் எதுவும் மிச்சமில்லை.

சாயங்காலம் பையைக்கூட வைக்காமல் பின்வாசலுக்கு ஓடினேன். ம.அக்கா படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அந்த நேரத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

நடந்ததைச் சொன்னாள். வடமேற்கில் காற்று நினைத்ததைவிட அதிகம். முதல் மூங்கில் சுழன்று இரண்டு சிட்டம் சிக்கிக்கொண்டது. (இதை நான் யோசிக்கவில்லை. என் தப்பு.) அவளே கயிறு போட்டு மூங்கிலின் இரண்டு முனையையும் இழுத்துக் கட்டினாள். அதன் பிறகு அதே காற்றுதான் வேலை செய்தது. அரக்கு அலசி முடிவதற்குள் மஞ்சள் காய்ந்துவிட்டது. காய்ந்து, கழற்றி, மேற்குக் கதவோரம் கட்டியும் வைத்தாகிவிட்டது. அரக்கு வரும்போது மூங்கிலில் மஞ்சளே இல்லை.

“சொட்டறதுக்கு எடமே இல்ல கண்ணு. நானே வேணும்னு சொட்ட வெச்சாலும் தரையிலதான் வுழும்.”

பிறகு சொன்னாள்: “மத்தியானம் உக்காந்து சோறு தின்னேன்.”

பாஷா மாமா உள்ளிருந்து, தான் தூங்கியே எழுந்துவிட்டதாகச் சொன்னார்.

நான் சொன்னது சரி. நான் சொன்னது சரி. நான் சொன்னது சரி.

(நாளைக் காலை அப்பா.)

ஜூலை 26, சனி

லீவு. மேகம்.

அப்பா பட்டு மூட்டையைத் தோளில் போட்டபடி நேரே கொட்டகைக்குள் போனார். நான் ஜன்னலின் ஓரத்தில், பாதி முகம் மட்டும். உள்ளே நாலு அடி வைத்திருப்பார். நின்றார். மூட்டையை இறக்கவே இல்லை. வெறும் நடுவையும் பிழிகட்டையையும் மேற்குக் கதவு வெளிச்சத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கட்டையைப் புடுங்கனது யாரு?”

நான்தாங்க என்று ம.அக்காவும், நான்தான் மொதலாளி என்று பாஷா மாமாவும் ஒரே நேரத்தில்.

“ரெண்டு பேரும் சேந்து பொய் சொன்னா ஒண்ணு நெஜமாயிடுமா?”

அப்பா மேற்குக் கதவருகே போய் கட்டி வைத்த மஞ்சளைப் பிரித்தார். ஒவ்வொரு சிட்டமாக வெளிச்சத்தில் உதறி, திருப்பி, இழை பிரித்துப் பார்த்தார். எல்லாவற்றையும். ம.அக்கா சேலை முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே நின்றாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தேன், இப்போதும் உள்ளங்கையில் துரு வாசனை.

கறை இல்லை. ஒரு சிட்டத்திலும்.

கடை ஆட்டோ அப்போது வந்தது. தெருப் பக்கம் நிற்கப் போனதை ம.அக்கா சந்துப் பக்கம் கூப்பிட்டாள். கதவிலிருந்து கை நீட்டினாலே ஆட்டோ. கடை ஆள் இறங்கவே இல்லை. நல்லா ஏற்பாடு பண்ணிட்டீங்களே என்று அப்பாவிடம் சொன்னார். அதற்கு அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“நடு எடம் காலியா இருக்கணும்னு ஜோசியர் அப்பவே சொன்னாரு. நமக்கு இப்பதான் நேரம் வந்துது.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உடனே சிரிப்பும் வந்துவிட்டது. தலையணையை வாயில் வைத்துக்கொண்டேன். ஜோசியர் சொன்னாராம்.

ஆட்டோ போனதும் அப்பா ம.அக்காவைக் கூப்பிட்டார்.

“அலசறதுலேந்து அனுப்பறது வரைக்கும் இந்தப் பக்கம் பூரா இனிமே உன் பொறுப்பு. வேற எடம் அது இதுன்னு சொன்னதை மனசுல வெச்சிக்காத.”

ம.அக்கா சரிங்க என்று மட்டும் சொன்னாள். அவர் திரும்பியதும் என் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். இன்று இதைத் தாங்க முடிந்தது.

ஜூலை 27, ஞாயிறு

மாலையில் கொஞ்சம் தூறல். ரெக்கார்டு படங்கள் முடித்தேன். பியூரெட் கோணலாக வந்திருக்கிறது, போகட்டும்.

மத்தியானம் ஒன்று செய்துவிட்டேன். செய்திருக்கக் கூடாது. இல்லை, செய்யாமல் இருந்திருக்கக் கூடாது.

அப்பா சாப்பிட்டுக்கொண்டே அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கடையிலிருந்து இன்னொரு ஆர்டர், இந்தத் தரம் மூன்று சாயம், பாட்டில் பச்சையும் சேர்ந்து. நடுவில்தான் இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, நாளைக்கே அங்கே இன்னும் இரண்டு மூங்கில் கட்டிவிட்டால் தீர்ந்தது என்றார். ஜோசியர் பேச்சு ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

நடுவில் மூங்கில் வந்தால் ம.அக்கா மறுபடி குனிந்து போவாள். மறுபடி சொட்டும். மறுபடி அவள் தலையில் விடியும். எல்லாம் என் கண்முன் ஓடியது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

“நடுவுல வேணாம்பா. மறுபடியும் வெட்டும்.”

அப்பா கை சோற்றில் நின்றுவிட்டது. அம்மா மோர்ச் சொம்பைப் பிடித்தபடி நின்றாள்.

“எது வெட்டும்?”

பாதியில் நிறுத்தினால் இன்னும் மோசம்.

“நூல் போற வழி. பச்சைக்கு வடக்குச் சுவரோரமே இடம் இருக்குதுப்பா. கட்டையை இன்னும் கொஞ்சம் தொட்டி பக்கம் தள்ளினா போதும்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. சோற்றைப் பிசைந்தார். சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டு கொட்டகைக்குப் போய் வடக்குச் சுவரையே பார்த்தபடி வெகுநேரம் நின்றார். நான் பள்ளிப் பையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, முன்னால் உட்கார்ந்துகொண்டேன், பரணுக்குப் போகாமல் இருக்க. பைத்தியக்காரத்தனம். பைக்காக அவர் வந்தால் நான் என்ன செய்ய முடியும்?

வரவில்லை. சாயங்காலமும் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரியும் இல்லை. அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன், அப்பாவுக்குக் கோபமா என்று. தெரியலடி, இப்படி இருந்து நான் பார்த்ததில்லை என்றாள்.

இப்போது கீழே போனில் பேசிக்கொண்டிருக்கிறார். ஜன்னல் வழியாகக் கேட்கிறது. கொத்தனாரோடு. மேற்குக் கதவை அகலப்படுத்த வேண்டுமாம், நாளைக் காலையே ஆள் வர வேண்டுமாம். ஆடி மாசத்தில். அப்பா.

கொத்தனார் எதையோ கேட்கிறார் போலிருக்கிறது. எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் இடிப்பது என்று இருக்கலாம். அப்பா சொல்கிறார்:

“இருப்பா, கேட்டுட்டுச் சொல்றேன்.”

யாரைக் கேட்டு? பாஷா மாமா வீட்டுக்குப் போய்விட்டார். ம.அக்கா கூரம் போய்ச் சேர்ந்திருப்பாள். அம்மாவுக்கு வடக்கு தெற்கே தெரியாது.

படியில் செருப்புச் சத்தம்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அம்மா தட்டமாட்டாள், தள்ளிக்கொண்டு வந்துவிடுவாள். இது